நீ அனுப்பிய சாவி கார்டு

அக்டோபர் நான்காம் தேதி, சனிக்கிழமை, காலை மணி ஒன்பது இருபது. கூரியர்காரர் கேட்டில் கொடுத்துவிட்டுப் போன உறையில் காரைத் திறக்கும் சாவி கார்டு ஒன்று. ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன், உள்ளே விரலை விட்டும் துழாவினேன். கேட்டதை அனுப்பிவிட்டாய், கேட்காததை அனுப்பவில்லை. சரிதான் கவின். பழைய காரைக் கொடுத்துப் புதிது எடுப்பதற்காகப் போன சனிக்கிழமை உனக்கு நான் அனுப்பிய மெசேஜும் அப்படித்தான் இருந்தது: "கார்டை போஸ்ட் பண்ணு. டிரேட்-இன்னுக்கு வேணும்." நீ "ஓகே பா" என்று பதில் போட்டாய். நீ பினாங்குக்குப் படிக்கப் போன இந்த ஐந்து வாரத்தில் அப்பாவும் மகனும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

போன் பண்ணியிருக்கலாமே என்று உன் அம்மா கேட்கிறாள். போனில் என்னால் முடியாது. மூன்றாவது நிமிடத்தில் குரல் ஏறிவிடும், நீ "சரிப்பா, கிளாஸ் இருக்கு" என்பாய், முடிந்தது. எழுதினால் கத்த முடியாது. இதை உனக்கு மட்டும் எழுதாமல், நம் ஆட்கள் எல்லோரும் படிக்கும் இடத்தில் வெளியிடச் சொல்லிக் கொடுப்பதற்கும் காரணம் உண்டு. உன்னைப் பற்றி நான் சொன்னது பதினோரு பேர் உட்கார்ந்திருந்த பந்தியில். பதினோரு பேர் முன்னால் சொன்னதை உன் காதோடு மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்வது நியாயமில்லை. உனக்கு இருபது வயது, எனக்கு நாற்பத்தொன்று. அறிவுரைக் கடிதம் எழுதுகிற அப்பாக்களுக்குத் தலை நரைத்திருக்கும். எனக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை. கல்யாணத்தில்கூட அவசரப்பட்டவன் நான். ஆனால் தப்பு செய்வதற்கு வயது காத்திருக்கவில்லையே.

இந்தக் காரை வாங்கிய நாள் ஞாபகம் இருக்கிறதா? உனக்குப் பதினேழு வயது. பூசைக்காகக் கிள்ளான் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, "மெதுவா எடுங்க சார், சும்மா உருட்டினா போதும்" என்றார். மெதுவாக எடுப்பதற்கா மின்சாரக் கார் வாங்கினேன்? பெட்ரோல் காரைப் பற்றியே பெருமை பேசும் உன் பெரிய மாமா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒரே மிதி. முன் சக்கரத்துப் பழங்கள் இரண்டும் ஒழுங்காக நசுங்கின. பின் சக்கரத்துப் பழங்கள் இரண்டும் தோட்டா மாதிரி பறந்து, ஒன்று சாக்கடையில் விழுந்தது, ஒன்று மாமாவின் வெள்ளை வேட்டியில் பட்டது. மாமா கத்தினார்: "டேய் மாப்ள! கார் வாங்குனியா, பீரங்கி வாங்குனியா?" எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது நீ குனிந்து சக்கரங்களைப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "அப்பா, பின் சக்கரம் மட்டும்தான் தள்ளுது. அதான் அது மட்டும் பறந்துச்சு." எல்லா விசையும் எல்லா வேகமும் பின்னால் இருக்கும் இரண்டு டயரின் தலையில்தான் விழுகிறது என்பதை நீ முதல் நாளே சொல்லிவிட்டாய். நான் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று ரசித்தேன், தகவலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதன்பிறகு மூன்று வருடமாக நான் எல்லோரிடமும் சொன்ன வசனம் உனக்கு மனப்பாடமாகத் தெரியும். "என்ஜின் ஆயில் கிடையாது, பிளக் கிடையாது, பெல்ட் கிடையாது. வொர்க்‌ஷாப் பக்கமே போகத் தேவையில்ல லா." சர்வீஸ் இல்லாத கார் என்பதில் எனக்கு ஒரு திமிர். சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்துக் காரைப் பின்னால் விட்டுவிட்டுப் பாய்வதில் இன்னொரு திமிர். உன் அம்மா முன் இருக்கையில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வருவாள். நீ உரிமம் எடுத்து, பின் கண்ணாடியில் புது ஓட்டுநருக்கான 'பி' ஸ்டிக்கர் ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் பந்திங் சாலையில் ஓட்டிப் பழகியபோது அவள் தூங்கிவிடுவாள். ஒருநாள் அவளிடம், "என்ன, நான் ஓட்டுனா தூக்கம் வராதா?" என்று கேட்டேன். "நீங்க ஓட்டுனா சாமி கும்பிடவே நேரம் சரியா இருக்கு, எங்க தூங்குறது?" என்றாள். நீ கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாய். எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் அது உண்மை.

இப்போது ஜூன் மாதத்து மழைக்கு வருகிறேன். ஷா ஆலமில் உன் அம்மாவுக்குத் துணி எடுத்துக்கொண்டு, கூட்டரசு நெடுஞ்சாலையில் வந்து கிள்ளானுக்கு இறங்கும் வளைவு. நீ ஓட்டினாய், நான் பக்கத்தில், அம்மா பின்னால். மழை கொட்டியது. வளைவின் நடுவில் கார் பின்புறம் வழுக்கி வலது பக்கம் வீசி, பின் வலது சக்கரம் ஓரக்கல்லில் மோதி நின்றது. ரிம் வளைந்தது, டயர் வெடித்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நான் இறங்கிச் சக்கரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உன்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஓட்டத் தெரியாதவன் கையில கொடுத்தேன் பாரு!" உன் கைகள் ஸ்டீயரிங்கில் அப்படியே இருந்தன.

மறுநாள் பண்டமாரானில் நம் டயர் கடையில் பின் டயர் இரண்டையும் மாற்றினேன். கடைக்காரத் தம்பி, "அண்ணே, கழட்டுன டயர ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றான். "என்னத்தப் பாக்கறது? நான் பாக்காத டயரா? சீக்கிரம் மாட்டுப்பா" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "கார் பூட்லயே போட்டு வெக்கிறேன் ணே. வீட்டுலயாவது பாருங்க" என்றான். நான் பார்க்கவில்லை. பழைய டயர்கள் இரண்டும் வீட்டு முன்னால் படுத்துக்கிடந்தன. உன் அம்மா அவற்றின்மேல் கறிவேப்பிலைத் தொட்டியை வைத்தாள்.

'நான் பாக்காத டயரா' என்ற பேச்சுக்கு அர்த்தம் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன்களைப் பராமரிப்பது என் வேலை. அவை டயரில் உருளும் கிரேன்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒவ்வொரு டயரின் பள்ளத்திலும் அளவுகோலை விட்டு, உள்பக்கம், நடு, வெளிப்பக்கம் என்று மூன்று இடத்தில் அளந்து எழுத வேண்டும். ஒரு இடம் விட்டுப்போனாலும் புதுப் பையன்களை நான் விடமாட்டேன். அப்படிப்பட்டவன் வீட்டுக் காருக்கு மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடக் குனியவில்லை.

அந்தச் சம்பவத்துக்கு அடுத்த ஞாயிறு பிரிக்பீல்ட்ஸில் பெரிய மாமா வீட்டில் சாப்பாடு. நீ என் எதிரில் உட்கார்ந்திருந்தாய். மாமா வழக்கம்போலச் சீண்டினார்: "என்ன மாப்ள, எலக்ட்ரிக் கார் தண்ணியில நீச்சல் அடிச்சிச்சாமே?" என் காரைக் குறை சொல்கிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. காரைக் காப்பாற்ற உன்னைக் கொடுத்தேன். "கார கொற சொல்லாதீங்க, டிரைவர கேளுங்க. மழையில தொண்ணூறுல வந்தான். அடுத்தது நாலு சக்கரமும் இழுக்குற மாடல் எடுக்கறேன். அது இவன் கை வெச்சாலும் தாங்கும்!" எல்லோரும் சிரித்தார்கள். மாமா உன் முதுகில் தட்டி, "டேய் மருமகனே, உனக்காகவே நாலு சக்கரமும் ஓட வேண்டியிருக்கு பாரு லா" என்றார். நீ தட்டிலிருந்த எல்லாவற்றையும் சாப்பிட்டாய். அப்பளம்கூட மிச்சமில்லை. எழுந்து கை கழுவினாய். வீட்டுக்கு அம்மா பக்கத்தில் பின் இருக்கையில் வந்தாய். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. பினாங்குக்குப் படிக்கப் போனபோதுகூட, கொண்டுவந்து விடுகிறேன் என்றேன், வேண்டாம் என்று ரயிலில் போனாய். ஆனால் சாவி கார்டை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு போனாய். உன் அம்மா அதைக் கவனித்திருக்கிறாள். "கார்ட எடுத்துட்டுப் போயிருக்கான். அத மட்டும் கேட்டுடாதீங்க" என்று சொல்லிவைத்தாள். எனக்கு அது புரியவில்லை. ஓட்டாதவனுக்கு எதற்குக் கார்டு என்றுதான் நினைத்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு சக்கரமும் இழுக்கிற அந்தப் புது மாடலை உனக்காக எடுக்கிறேன் என்றது பொய். ஏப்ரல் மாதமே, ஓவர்டைம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஷா ஆலமில் போய் அதை ஓட்டிப் பார்த்துவிட்டேன். முன்னால் ஒரு மின்மோட்டார், பின்னால் ஒன்று. மிதித்தால் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்தே ஆசை. காரணம்தான் கிடைக்காமல் இருந்தது. ஜூன் மழையில் காரணம் கிடைத்தது. "பையன் ஓட்டுற வண்டி, பத்திரம் முக்கியம்" என்று உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. உன் பெயரைச் சொல்லி என் ஆசையை விற்றேன்.

போன சனிக்கிழமை காரைப் புது மாடல் விற்கும் ஷோரூமுக்கு மதிப்பீட்டுக்குக் கொண்டுபோனேன். டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தவள் இருபத்தைந்து வயதுப் பெண். என்னை அங்கிள் என்றாள், அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. அடியிலிருந்தே குரல் வந்தது.

"அங்கிள், எங்கயாச்சும் இடிச்சிருக்கா?"

"சின்னதா."

"சின்னதான்னா?"

"பின்னாடி ஒரு ரிம், ரெண்டு டயர் மாத்துனேன். ஜூன்ல."

"இந்த டயரும் உள்பக்கம் தேய ஆரம்பிச்சிருச்சு. சக்கரம் உள்ளாற சாஞ்சு நிக்குது. பழைய டயர் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. இடிச்சதுல சாஞ்சிருக்கும்."

அவள் வெளியே வந்து, முழங்கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இடிச்சது ஒரு பக்கம்தானே அங்கிள்? ரெண்டு பக்கமும் சாஞ்சிருக்கே. பழசு நல்லா இருந்துச்சுன்றீங்களே, பாத்தீங்களா?"

வண்டிக்கு என்ன விலை என்று பேச்சை மாற்றினேன். அவள், "ரெண்டு கார்டும் வேணும் அங்கிள். ரெண்டும் இல்லாம வண்டிய எடுக்க மாட்டோம். ஆறாம் தேதி திங்கள் மூணு மணிக்கு வந்து சைன் பண்ணிடுங்க" என்றாள். எரிச்சலில் அங்கே நின்றபடியே உனக்கு மெசேஜ் அனுப்பினேன். வீட்டுக்கு வந்து கறிவேப்பிலைத் தொட்டியை இறக்கி வைத்துவிட்டுப் பழைய டயரைத் தூக்கிப் பார்த்தது அதற்குப் பிறகு.

வெளிப்பக்கம் பள்ளம் நன்றாகவே இருந்தது. நடுவிலும் பரவாயில்லை. உள்பக்கம் ரப்பர் இல்லை கவின். கம்பி தெரிந்தது, துருப்பிடித்த கம்பி. வெடித்த டயர் மட்டுமல்ல, வெடிக்காததும் அப்படித்தான். அலுவலகத்திலிருந்து அளவுகோலைக் கொண்டுவந்து அளக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு வெட்கமாகிவிட்டது. அளக்க அங்கே ஒன்றும் இல்லை. அந்தப் பெண் சொன்னபடி சக்கரங்கள் உள்ளே சாய்ந்து நின்றிருக்கின்றன, பேட்டரியின் எடை மேலே அழுத்தியிருக்கிறது, சிக்னலுக்குச் சிக்னல் நான் மிதித்த மிதி மிச்சத்தைத் தின்றிருக்கிறது. மழைத் தண்ணீரில் அந்தக் காரை உன் கையில் கொடுத்து, ஓட்டத் தெரியவில்லை என்றேன்.

அப்படியும் மனசு முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. டயர் போனாலும் வேகமாகத்தானே வந்தான் என்று ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து, காரின் கேமரா பதிவை எடுத்து முதல்முறையாகப் போட்டுப் பார்த்தேன். இத்தனை நாள் பார்க்கவில்லை, நான்தான் பக்கத்தில் இருந்தேனே, எதற்குப் பார்க்க வேண்டும் என்று. திரையின் அடியில் பிரேக், ஸ்டீயரிங் திருப்பம், வேகம் எல்லாம் தெரிகிறது. வேகம் ஐம்பத்தெட்டு. தொண்ணூறு இல்லை. கார் வளைவில் ஒழுங்காகப் போகிறது. முன்னால் ஒரு லோரியின் பிரேக் விளக்கு எரிகிறது, தூரத்தில்தான். அப்போது ஒரு குரல், "கால எடு! கால எடுடா!" அந்தக் குரல் என்னுடையது. நான் கத்தியதே எனக்கு ஞாபகம் இல்லை. நீ சட்டென்று காலை எடுத்தாய். கார் அந்த நொடியில் வழுக்கியது.

பழைய கார்களில் மிதியிலிருந்து காலை எடுத்தால் வண்டி நிதானமாக வேகம் குறையும். நம் காரில் காலை எடுத்தால் பின் மோட்டாரே பிரேக் பிடிக்கும், சார்ஜ் மிச்சமாவதற்காக. அந்த அமைப்பை அதிகபட்சத்தில் வைத்தது யார்? நீ குறைத்து வைத்தாய், "மழையில இது வேண்டாம்பா" என்றும் சொன்னாய். நான் இரண்டு தடவை திரும்ப ஏற்றி வைத்தேன். அதாவது வழுக்கும் வளைவில், கம்பி தெரியும் பின் சக்கரங்களுக்கு மட்டும் பிரேக் போடும்படி உன் காதில் கத்தியிருக்கிறேன். நீ அப்பா சொன்னதைக் கேட்டாய், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்ததை நான்கு தடவை ஓட்டிப் பார்த்தேன். பின்புறம் வீசியதும் நீ ஸ்டீயரிங்கை வழுக்கிய பக்கமே திருப்பி, பிரேக்கைத் தொடாமல் பிடித்து வைத்திருக்கிறாய். அதனால்தான் சக்கரம் மட்டும் மோதியது. பின்னால் வந்த பேருந்து நம்மைத் தாண்டிப் போவது பதிவில் தெரிகிறது. அன்று மூன்று பேரும் வீட்டுக்கு வந்தோம் என்றால் அது நீ ஓட்டியதால்.

பார்த்துவிட்டு உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "எனக்குத் தெரியும்" என்றாள். "நான் பின்னாடிதானே உக்காந்திருந்தேன். நீங்க கத்துனது எனக்குக் கேட்டுச்சு. அவனும் சொல்ல வேணாம்னான், அப்பா சங்கடப்படுவாருன்னு." பிறகு தன் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். மழைக்கோட்டு போட்டு, நண்பனின் மோட்டார் சைக்கிளில் நீ. கீழே உன் மெசேஜ்: "அம்மா, செகண்ட் ஹேண்ட் ஒண்ணு பாத்திருக்கேன். கார் எனக்கு செட் ஆகாது. அப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க." இவனுக்குக் கார் ஆபத்து என்று ஊரெல்லாம் சொன்னேன். மழையில் நான்கு சக்கரத்தை நேராக நிறுத்தியவனை, இரண்டு சக்கரத்தில் ஏற்றி மழையில் அனுப்பியிருக்கிறேன்.

ஏழு நாள் இருந்தது எனக்கு. கார்டு வேண்டாம், வைத்துக்கொள் என்று ஒரு வரி அனுப்பியிருக்கலாம். டயரைப் பார்த்த அன்றே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. அனுப்பினால் ஏன் என்று கேட்பாய். அந்த 'ஏன்'-ஐத் தள்ளிப்போட்டேன். மற்ற எல்லாவற்றிலும் அவசரப்படுகிறவன் இதில் மட்டும் பொறுமையாக இருந்தேன். அதற்குள் நீ வரிசையில் நின்று, உறை வாங்கி, முகவரி எழுதி அனுப்பிவிட்டாய்.

உனக்கு அறிவுரை ஒன்றுதான் வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் கத்தினால் உடனே காலை எடுக்காதே. சாலையை நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய், அவன் தன் பயத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் உன் அப்பாவாக இருந்தாலும் அப்படித்தான். கார் என்றில்லை, எதிலும்.

புது மாடல் வேண்டாம் என்று பெரிய மனிதனைப் போல எழுத வரவில்லை. ஆசை அப்படியே இருக்கிறது. ஆனால் நான்கு சக்கரமும் இழுத்தால் புறப்படுவது எளிது, ஏற்றம் எளிது, அவ்வளவுதான். நிற்பதற்கு எந்தக் காருக்கும் டயர்தான். குனிந்து பார்க்காதவனுக்கு எட்டு சக்கரம் இழுத்தாலும் பிரயோசனம் இல்லை. நீ தப்பாக ஓட்டினாய் என்ற பொய்யின் மேல் அந்தக் கார் வீட்டுக்கு வரக்கூடாது. வந்தால் ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அது எனக்கு நினைவு வரும். இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை மூன்று மணிக்குக் கையெழுத்துப் போடப் போகமாட்டேன். அந்தப் பெண்ணை அழைத்து, பழைய டயர் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு உண்மையான பதிலைச் சொல்வேன்.

2. செவ்வாய்க்கிழமை பின் சக்கரங்களின் சாய்வைச் சரிசெய்துவிட்டு, மோட்டார் பிரேக்கை நீ வைத்த அளவுக்கே குறைத்து வைப்பேன். பிறகு தொடமாட்டேன்.

3. டயர் கடைத் தம்பியிடம் போய், பார்த்துவிட்டேன் என்று சொல்வேன்.

4. தீபாவளியன்று பெரிய மாமா வீட்டில் அதே பதினோரு பேரும் இருப்பார்கள். சாப்பாட்டுக்கு முன்னால், அவர் வீட்டு டிவியில் அந்தப் பதிவைப் போடுவேன். என் குரலைக் குறைக்கமாட்டேன். மாமா சிரிப்பார், சிரிக்கட்டும்.

5. நீ விடுமுறைக்கு வந்து, மனமிருந்தால், அதே வளைவில் ஓட்டு. நான் பின் இருக்கையில் உட்காருவேன். வாயைத் திறக்கமாட்டேன். முன்னால் அம்மா உட்காரட்டும், அவள் தூங்கட்டும்.

6. அதற்குப் பிறகு காரைக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்பதை மூன்று பேரும் சேர்ந்து பேசுவோம். கொடுத்துப் புதியது எடுத்தால், கோயிலில் எலுமிச்சம்பழத்தின் மேல் அதை எடுப்பவன் நீ. நான் எடுத்தால் இந்தத் தடவை நான்கும் பறக்கும்.

7. மோட்டார் சைக்கிள் வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. தீபாவளி வரை பொறுத்துக்கொள் என்று கேட்கிறேன்.

8. நீ முகவரி எழுதிய உறையையே உள்வெளியாகத் திருப்பி ஒட்டி, உன் முகவரியை எழுதி, உன் கார்டை உள்ளே வைத்து, இந்தக் கடிதத்தின் ஒரு பிரதியோடு இன்று பன்னிரண்டு மணிக்குள் அனுப்புகிறேன். இரண்டு கார்டும் இல்லாமல் அவர்கள் காரை எடுக்கமாட்டார்கள். ஒன்று என்னிடம் இருக்கிறது. மற்றது உன் பர்ஸில் இருக்கட்டும்.